ஒரே கன்டெய்னர், நான்கு கோடு: கஞ்சிக்கோட்டு பேனல் போர்டுக்காரருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். புரிதலில் பிசகு இருந்தால் திருத்துங்கள். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் சின்னதாக ஒரு மின் பேனல் போர்டு யூனிட் நடத்துகிறீர்கள். சீனாவிலிருந்து வந்த உங்கள் இரண்டாவது கன்டெய்னர் கொச்சியின் வல்லார்பாடம் முனையத்தில் நிற்கிறது. உள்ளே எம்.சி.சி.பி. என்கிற வார்ப்பு உறை சர்க்யூட் பிரேக்கர், காயிலால் இயங்கும் ஸ்விட்சான கான்டாக்டர், அவற்றுக்கான ஆக்சிலரி கான்டாக்ட், மின்வாரியத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடும், மோட்டார் வைத்த சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் என்கிற ஏ.டி.எஸ்., சோலார் இணைப்பைத் துண்டித்து வைக்கும் டி.சி. ஐசொலேட்டர், காலி எஃகுப் பெட்டிகள். முதல் கன்டெய்னரைப் போலவே இதையும் மொத்தமாக 8536 என்ற சுங்க வரிக் கோடில் (அட்டவணையில் இதைத் தலைப்பு என்பார்கள்) பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதி அறிவிப்பில் போட்டீர்கள். இப்போது சுங்க அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கொயரி வந்திருக்கிறது: ஏ.டி.எஸ். ஏன் 8537 ஆகக் கூடாது, ஐசொலேட்டர் ஏன் 8535 ஆகக் கூடாது என்று. கூடவே தெரிந்தவர் ஒருவர், "எல்லாமே பேனலுக்குள் போகிற பார்ட்ஸ்தானே, 8538-ல் போட்டால் வரி குறையுமே" என்று சொல்லியிருக்கிறார். எது சரி, முதல் தடவை பேசாமல் விட்டவர்கள் இப்போது ஏன் பிடிக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. நான் இந்தச் சாமானை என்ன செய்யப்போகிறேன் என்பது கோடைத் தீர்மானிக்குமா, இல்லை துறைமுகத்தில் வந்து இறங்கும்போது அது என்னவாக இருக்கிறது என்பதா? கொச்சி வில்லிங்டன் தீவில் கஸ்டம்ஸ் புரோக்கர் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவதுதான். சில விதிவிலக்குகள் உண்டு, கீழே வருகிறேன். ஆனால் மின்சார ஸ்விட்ச்கியர் விஷயத்தில் வந்து இறங்கும் நிலைதான் பேசும். சாமான் நாளைக்கு எந்தப் பெட்டிக்குள் போகும், யாருக்கு விற்பீர்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் எடுபடாது.

8538 பேச்சை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் உங்களுக்கு ஆபத்தானது. அந்தத் தலைப்பு 8535, 8536, 8537 ஆகியவற்றின் உதிரிப்பாகங்களுக்கானது. எம்.சி.சி.பி. உங்கள் பேனலுக்கு உதிரிப்பாகம் இல்லையா என்றால், பேச்சு வழக்கில் ஆமாம், சுங்க வரி அட்டவணையில் இல்லை. 84, 85 ஆகிய அத்தியாயங்கள் இரண்டும் சேர்ந்தது 16-ஆவது பிரிவு. அதன் இரண்டாவது குறிப்பைப் படியுங்கள். ஒரு உதிரிப்பாகத்துக்கே அந்த அத்தியாயங்களில் தனித் தலைப்பு இருந்தால் அது எல்லாச் சமயத்திலும் அந்தத் தலைப்புக்குத்தான் போகும் என்று அதன் முதல் பகுதி சொல்கிறது. 8538 மாதிரியான உதிரிப்பாகத் தலைப்புகளை மட்டும் இந்த விதியிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறது. தனித் தலைப்பு இல்லாத பாகங்கள்தான் இரண்டாம் பகுதிக்கு வந்து 8538-ல் சேரும். எம்.சி.சி.பி.க்கு 8536-ல் தனி இடம் இருக்கிறது: தானியங்கி சர்க்யூட் பிரேக்கர்கள் 8536 20. நமது எட்டு இலக்கப் பட்டியலில் எம்.சி.சி.பி. என்றே பெயர் சொல்லி ஒரு வரி உண்டு. பெயர் சொல்லி இடம் கொடுத்திருக்கும்போது அதை விட்டுவிட்டு உதிரிப்பாகம் என்று போட்டால், வகைப்பாட்டில் கருத்து வேறுபாடு என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தெரிந்தே செய்ததாகத்தான் பார்ப்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் 8538-க்கு உண்மையில் எது போகும்? பிரேக்கரின் வார்ப்பு உறை, ஆர்க் சூட், கான்டாக்ட் முனைகள், இயக்கும் கைப்பிடி போன்றவை; தனியாக வைத்தால் சர்க்யூட்டை மூடவோ திறக்கவோ முடியாத, அந்தக் கருவிக்கென்றே செய்த துண்டுகள். உங்கள் காலிப் பெட்டிகளும் அங்கேதான், 8538 10: 8537-க்கான பலகைகள், பேனல்கள், பெட்டிகள், ஆனால் கருவி எதுவும் பொருத்தாதவை. இதில் ஒரு நிபந்தனை உண்டு. பெட்டியைப் பார்த்தாலே அது மின் பேனலுக்கானது என்று தெரிய வேண்டும். உள்ளே மவுண்டிங் பிளேட், கதவில் மீட்டருக்கும் கைப்பிடிக்கும் வெட்டிய துளை, அடியில் கேபிள் கிளாண்ட் பிளேட், எர்த் ஸ்டட் எல்லாம் இருந்தால் பிரச்சினை இல்லை. எதையும் போட்டு வைக்கலாம் என்கிற வெறும் எஃகுப் பெட்டியாக இருந்தால் 73-ஆவது அத்தியாயத்துக்கு இழுப்பார்கள். கேட்லாக் பக்கத்தோடு பெட்டி திறந்திருக்கும் ஒரு படத்தையும் சுங்க ஆவணங்களை ஏற்றும் இ-சஞ்சித் தளத்தில் ஏற்றிவிடுங்கள். பாதிக் கொயரி அதிலேயே அடங்கிவிடும்.

ஆக்சிலரி கான்டாக்ட் பிளாக்கில் மட்டும் நேர்மையான சந்தேகம் இருக்கிறது. தனியாகக் கையில் எடுத்தால் அதுவே ஒரு சின்ன ஸ்விட்ச். திறக்கும், மூடும், டெர்மினல் இருக்கிறது. ஆகவே 8536 என்று வாதிடலாம். கான்டாக்டரின் தலையில் மாட்டாமல் அதனால் ஒரு வேலையும் ஆகாது, அதன் முள்ளை அழுத்துவதே கான்டாக்டர்தான், எனவே 8538 என்றும் வாதிடலாம். இரண்டு விதமாகவும் போட்டு நான் பார்த்திருக்கிறேன். நானாக இருந்தால் மேலே சொன்ன குறிப்பின் முதல் பகுதியைப் பின்பற்றி 8536 என்று போடுவேன். வரியில் வித்தியாசம் இருந்தாலும் அதுதான் பின்னால் தூக்கத்தைக் கெடுக்காத வழி.

"எதற்குப் பயன்படுகிறதோ அதுவே தலைப்பு" என்று வாதிடுகிறவர்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டுவார்கள். உங்கள் நண்பரும் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம். 2021 மார்ச்சில் வந்த வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி வழக்கு. ரயில்வே சிக்னலுக்கான ரிலேக்கள் 8536-ஆ, ரயில்வே சிக்னல் கருவிகளுக்கான 8608-ஆ என்பது பிரச்சினை. அது கலால் வரி வழக்கு, ஆனால் தலைப்புகள் இரண்டு அட்டவணையிலும் ஒன்றே. அந்த ரிலேக்கள் சிக்னலுக்கு மட்டுமே பயன்படுவதால் 8608 என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ரயில்வேக்குச் சப்ளை செய்கிற யூனிட்கள் பாலக்காட்டைச் சுற்றி இருப்பதால் நம் பக்கத்தில் இது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அதை வைத்து வாகன உதிரிப்பாகங்களையெல்லாம் இடம் மாற்ற அதிகாரிகள் முனைந்தபோது, மத்திய மறைமுக வரிகள் வாரியமே 2022 ஜனவரி 5 அன்று 01/2022 என்ற அறிவுறுத்தலை வெளியிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் பிரிவுக் குறிப்புகளையும் மற்றத் தீர்ப்புகளையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும், அந்த ஒரு தீர்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நான் மேலே சொன்ன விதிவிலக்கு இந்த வகைதான். உங்கள் எம்.சி.சி.பி. எந்த பேனலிலும் உட்காரும், எந்த மில்லிலும் ஓடும். அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.

இனி ஐசொலேட்டர். இங்கே அதிகாரி கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். 8535-க்கும் 8536-க்கும் இடையில் இருக்கும் ஒரே வேலி 1,000 வோல்ட். 1,000-ஐத் தாண்டினால் 8535. 1,000 வரைக்கும், சரியாக 1,000 உட்பட, 8536. ஏ.சி. என்றோ டி.சி. என்றோ அந்த வாசகத்தில் பேதம் இல்லை. குழப்பம் வருவது எங்கே என்றால், நம் எலெக்ட்ரிக்கல் ஆட்களுக்கு லோ வோல்டேஜ் என்றால் ஐ.இ.சி. 60947 என்ற சர்வதேச மின் தரம் சொல்லும் எல்லை: ஏ.சி.யில் 1,000 வோல்ட், டி.சி.யில் 1,500 வோல்ட். அதனால் 1,500 வோல்ட் டி.சி. ஐசொலேட்டரை உற்பத்தியாளர் லோ வோல்டேஜ் கேட்லாக்கில்தான் அச்சிடுவார். இன்வாய்ஸிலும் அப்படியே எழுதுவார். புரோக்கரும் லோ வோல்டேஜ் என்றதும் 8536 போட்டுவிடுவார். பொறியியல் தரத்தின் எல்லை வேறு, வரி அட்டவணையின் எல்லை வேறு. 1,500 வோல்ட் சோலார் ஐசொலேட்டர் தரத்தின்படி லோ வோல்டேஜ். அட்டவணையின்படி 8535, அதிலும் ஐசொலேட்டிங் ஸ்விட்சுகளுக்கான 8535 30.

இதைச் சோதிக்க, ஐசொலேட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று வோல்டேஜ் எழுதியிருக்கும். யு-இ என்பது வேலை செய்யும் மதிப்பு வோல்டேஜ். யு-ஐ என்பது இன்சுலேஷன் வோல்டேஜ். யு-இம்ப் என்பது மின்னல், ஸ்விட்சிங் அதிர்ச்சியைத் தாங்கும் அளவு. இது 8 கிலோவோல்ட் என்ற மாதிரி பெரிய எண்ணாக இருக்கும். தலைப்புக்குப் பார்க்க வேண்டியது யு-இ, ஏனென்றால் அந்த வோல்டேஜுக்காகத்தான் கருவியைச் செய்திருக்கிறார்கள். எம்.சி.சி.பி. ஒன்றில் யு-இ 690, யு-ஐ 1,000, யு-இம்ப் 8 கிலோவோல்ட் என்று இருந்தால் அது சந்தேகமில்லாமல் 8536. 8 கிலோவோல்ட் என்பதைப் பார்த்துவிட்டு 8535 என்று கொயரி போட்டால், மரியாதையாக இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக் கேட்லாக் பக்கத்தைக் காட்டினால் போதும். எலெக்ட்ரிக்கல் படித்த அதிகாரி உடனே விட்டுவிடுவார், படிக்காதவரும் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்தால் ஏற்றுக்கொள்வார்.

ஐசொலேட்டரில் மிஞ்சும் சந்தேகம் ஒன்றுதான். ஒரே ஸ்விட்சுக்கு ஒரு அட்டவணையே லேபிளில் போட்டிருப்பார்கள்: 800 வோல்டில் இத்தனை ஆம்பியர், 1,000-ல் இத்தனை, 1,200-ல் இத்தனை, 1,500-ல் இத்தனை என்று. நீங்கள் கேரளத்து வீட்டுக் கூரைகளில் 600 வோல்டுக்குத்தான் மாட்டப்போகிறீர்கள் என்றாலும், கருவி 1,500 வரை வேலை செய்யத் தயாரிக்கப்பட்டது என்று உற்பத்தியாளரே அறிவித்திருக்கிறார். என் கருத்து, அது 8535. எதிர்க்கருத்து சொல்ல இடம் இருக்கிறது. முக்கியமாக எந்த வோல்டேஜில் சந்தைப்படுத்துகிறார்கள் என்பதை வைத்து வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை உங்கள் கன்டெய்னரை வைத்துச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குப் பணம் இதில் இல்லை.

ஏ.டி.எஸ்.தான் இதில் கடினமானது. 8537 தலைப்பு சொல்வது இது: 8535 அல்லது 8536-இன் கருவிகள் இரண்டோ அதற்கு மேலோ பொருத்திய பலகை, பேனல், கன்சோல், அலமாரி, வேறு தளங்கள், மின்சாரக் கட்டுப்பாட்டுக்கோ விநியோகத்துக்கோ ஆனவை. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.கூட இங்கேதான் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் மாதிரி இருக்கிறதே என்று 8471-ல் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இனி உங்கள் ஏ.டி.எஸ்.ஸுக்கு வருவோம். சந்தையில் முக்கியமாக இரண்டு ஜாதி இருக்கிறது. ஐ.இ.சி. 60947-6-1 இவற்றைப் பி.சி. வகுப்பு, சி.பி. வகுப்பு என்று குறிப்பிடுகிறது. பி.சி. வகுப்பில் ஒரே இயந்திர அமைப்பு, இந்தப் பக்கம் மின்வாரியம், அந்தப் பக்கம் ஜெனரேட்டர் என்று தள்ளும். ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டிக்கும் வேலை அதற்குக் கிடையாது. சி.பி. வகுப்பில் ஒரு எஃகுத் தகட்டின் மேல் இரண்டு எம்.சி.சி.பி.யைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, நடுவில் மெக்கானிக்கல் இன்டர்லாக், மோட்டார், ஒரு கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்கள்.

பி.சி. வகுப்பாக இருந்தால் அது ஒரு ஸ்விட்ச், 8536 50 என்று நான் எழுதுவேன். மோட்டார் அதைத் தள்ளுகிறது என்பதாலோ சின்ன எலெக்ட்ரானிக் அட்டை ஒன்று உள்ளே இருக்கிறது என்பதாலோ அது பேனல் ஆகிவிடாது. சி.பி. வகுப்பாக இருந்தால் அதிகாரியின் பக்கம் கனமாகிறது: ஒரு தளம் இருக்கிறது, அதன் மேல் 8536-இன் கருவிகள் இரண்டு இருக்கின்றன, மின்சாரத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று கட்டுப்படுத்துகிறது. தலைப்பின் வாசகம் முழுக்கப் பொருந்துகிறது. உங்களுக்கு மிஞ்சியிருக்கும் பிடி, உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளில் இருக்கும் ஒரு சொற்றொடர். எளிய ஸ்விட்ச் தொகுப்புகளைத் தவிர்த்த மற்றத் தொகுப்புகள்தான் 8537-க்குப் போகும் என்று அவை சொல்கின்றன. இரண்டு பிரேக்கரை இணைத்தது எளிய தொகுப்புத்தான் என்று வாதிடலாம். விளக்கக் குறிப்புகள் சட்டம் அல்ல, ஆனால் வழிகாட்டியாக அவற்றுக்கு நல்ல எடை உண்டு என்று 1995-இல் உட் கிராஃப்ட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கன்ட்ரோலரும் வோல்டேஜ் உணரும் சுற்றும் டைமரும் சேர்ந்துவிட்ட பிறகு அதை எளியது என்று சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. சி.பி. வகுப்பென்றால் 8537 10-ஐ ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. கன்ட்ரோலர் கதவில் மாட்டும் தனி யூனிட்டாகக் கேபிளோடு வந்தாலும், ஒரே செட்டாக விற்கப்பட்டு ஒரே பெட்டியில் வந்திருந்தால் விடை மாறாது.

இதிலிருந்து ஒரு பயம் உங்களுக்கு வரலாம். காலிப் பெட்டியும் பிரேக்கரும் ஒரே கன்டெய்னரில் வந்ததால், "இது கழற்றி அனுப்பிய பேனல், மொத்தத்தையும் 8537 ஆக்கு" என்று சொல்வார்களோ என்று. பொது விளக்க விதிகளில் 2(அ) அப்படி ஒரு அதிகாரத்தைக் கொடுக்கிறது: முழுமை பெறாத, பூட்டாத பொருளும் முழுப் பொருளின் அடிப்படைத் தன்மையைப் பெற்றிருந்தால் முழுப் பொருளாகவே கருதப்படும். ஆனால் உங்கள் விஷயத்தில் பஸ்பார் என்கிற செம்புப் பட்டை, வயரிங், மீட்டர், இண்டிகேட்டர், கேபிள் லக் எல்லாம் இங்கே வாங்குகிறீர்கள். செம்பை வெட்டித் துளைபோட்டு வளைப்பது கஞ்சிக்கோட்டில் நடக்கிறது. எந்தப் பெட்டியில் எத்தனை பிரேக்கர் என்பதை ஒவ்வொரு வாடிக்கையாளரின் சிங்கிள் லைன் டயகிராம் என்கிற மின் வரைபடத்தைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அப்படியிருக்க அந்த விதி பொருந்தாது. பேக்கிங் லிஸ்டில் "ஏ.எம்.எஃப். பேனல் செட்" என்ற மாதிரி சப்ளையர் எழுதிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீனத்து சப்ளையர்கள் நல்லெண்ணத்தோடுதான் அப்படி எழுதுகிறார்கள். இங்கே அது நமக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. நீங்கள் பேனலாகச் செய்து விற்கும்போது ஜி.எஸ்.டி. இன்வாய்ஸில் 8537 என்று போடுவதிலும் எந்த முரணும் இல்லை. உள்ளே வந்தது வேறு பொருள், வெளியே போவது வேறு பொருள்.

கான்டாக்டர் 8536-ஐ விட்டு எங்கும் போகாது. அதற்குள் ரிலேயா, வேறு ஸ்விட்சா, மற்றவையா என்பதில் ஆளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ரிலேக்களில் 60 வோல்ட் என்ற உள்பிரிவு காயில் வோல்டேஜைக் குறிக்கிறதா கான்டாக்ட் வோல்டேஜைக் குறிக்கிறதா என்று அட்டவணையே சொல்லவில்லை. ஒரு உள்பிரிவைக் காரணத்தோடு தேர்ந்தெடுங்கள், அந்தக் காரணத்தை ஒரு தாளில் எழுதிவையுங்கள், எல்லா பில்லிலும் அதையே போடுங்கள். ஒரு மாதம் இது, மறுமாதம் அது என்று மாற்றுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

பணம் எவ்வளவு என்று கேட்டீர்கள். அடிப்படைச் சுங்க வரியின் சதவீதத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. பட்ஜெட்டும் அறிவிக்கைகளும் அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. சாதாரணமாக உங்கள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான நாளில் எது நடப்பிலிருந்ததோ அதுதான் கணக்கு. கணக்குப் போடும் முறையை மட்டும் ஒரு எடுத்துக்காட்டில் காட்டுகிறேன். மதிப்பு 10,00,000 ரூபாய், அடிப்படை வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 1,00,000. அதன் மேல் சமூக நலக் கூடுதல் கட்டணம் 10 சதவீதம், அதாவது 10,000. ஆக 11,10,000-இன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,99,800. அடிப்படை வரி 7.5 சதவீதமாக இருந்தால் முதல் இரண்டும் சேர்ந்து 82,500 ஆகும். வித்தியாசம் 27,500 ரூபாய். ஐ.ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக எடுத்துவிடுவீர்கள், ஆகவே கையை விட்டுப் போவது இந்த 27,500 மட்டுமே. இந்தத் தொகைக்காகத் தவறான கோடு போட்டு, அது வேண்டுமென்றே செய்த மறைப்பு என்று நிரூபணமானால், சுங்கச் சட்டம் 28-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை பின்னோக்கி வந்து கேட்கலாம். 15 சதவீத வட்டி. 114ஏ பிரிவில் வரிக்குச் சமமான அபராதம். மறைப்பு இல்லாத சாதாரணத் தவறென்றால் 2 ஆண்டுதான்.

அந்த வித்தியாசம்தான் உங்களைக் காப்பாற்றக்கூடியது. சரக்கை முழுமையாக, உண்மையாக விவரித்துவிட்டு, கோடில் மட்டும் உங்கள் நம்பிக்கைப்படி ஒன்றைப் போட்டிருந்தால், அது பொய்யான அறிவிப்பு ஆகாது என்று 1998-இல் நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் "எலெக்ட்ரிக்கல் ஸ்விட்ச் அயிட்டம்ஸ்" என்று ஒரே வரியில் எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். "3 போல், 250 ஆம்பியர், 690 வோல்ட் எம்.சி.சி.பி., இந்த மாடல் எண்" என்று பொருளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுத அரை மணி நேரம் கூடுதலாகும். வருடங்கள் கழித்து நோட்டீஸ் வந்தால் அந்த வரிதான் உங்கள் வக்கீல்.

முதல் கன்டெய்னரை விட்டார்களே என்பதற்கு வருகிறேன். 2011-லிருந்து நாமே வரியை மதிப்பிட்டுக்கொள்ளும் முறைதான் நடக்கிறது. பெரும்பாலான பில்களை சிஸ்டமே ரிஸ்க் பார்த்து அனுப்பிவிடும், எந்த அதிகாரியும் கோடைப் பார்த்திருக்க மாட்டார். ஆகவே போனது என்பதால் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம் இல்லை. 2020 அக்டோபர் கடைசியிலிருந்து நாடு முழுக்க முகமற்ற மதிப்பீடும் வந்துவிட்டது. உங்கள் பில் கொச்சியில் தாக்கலானாலும் அதைப் பார்ப்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கலாம். வில்லிங்டன் தீவுக்கு நேரில் போய் சாம்பிளைக் காட்டி விளக்குகிற காலம் போய்விட்டது. நீங்கள் ஏற்றும் கேட்லாக்கும், கொயரிக்கு எழுதும் பதிலும்தான் உங்களுக்காகப் பேசும். முதல் கன்டெய்னரிலும் 1,500 வோல்ட் ஐசொலேட்டர் இருந்ததா என்று பாருங்கள். சரியான கோடில் வரி கூடுதலாக வந்திருக்கும் என்றால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே வித்தியாசத்தை வட்டியோடு கட்டிவிட்டால் மறைப்பில்லாத வழக்குகளில் அபராதம் இல்லாமல் முடியும். குறைவாக வந்திருக்கும் என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன் அந்த மதிப்பீட்டையே திருத்தியாக வேண்டும். வெறும் ரீஃபண்ட் மனு செல்லாது என்று 2019-இல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. கிளியரன்ஸ் முடிந்த பில்லை நாமே திருத்திக்கொள்ள 2025 நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது; உங்கள் புரோக்கரை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடு வரிக்கு மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எம்.சி.பி. என்கிற வீட்டு உபயோகச் சின்ன சர்க்யூட் பிரேக்கருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் உரிமம் கட்டாயம், அடுத்த தடவை எம்.சி.பி. சேர்த்து ஆர்டர் போடும் முன் உற்பத்தியாளருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்தக் கோடு போட்டாலும் சரக்கு வெளியே வராது. அடுத்து வியட்நாமிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வாங்க யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆசியான் ஒப்பந்தச் சலுகைக்குப் பொதுவான விதி 35 சதவீத உள்ளூர் மதிப்பும், ஆறு இலக்க உள்தலைப்பு மாற்றமும். அங்கே கோடு தவறினால் பிறப்பிடச் சான்றிதழே செல்லாமல் போகும். 2020 செப்டம்பர் 21-லிருந்து நடப்பில் உள்ள கரோட்டார் என்ற பிறப்பிட விதிகளின்படி, உற்பத்தி விவரத்தை வைத்திருக்க வேண்டிய பொறுப்பும் இறக்குமதியாளரான உங்களுடையது.

இப்போது செய்ய வேண்டியது. எம்.சி.சி.பி., கான்டாக்டர், ஆக்சிலரி பிளாக் மூன்றுக்கும் 8536-லேயே நில்லுங்கள். 1,500 வோல்ட் ஐசொலேட்டருக்கு 8535-ஐ ஒப்புக்கொண்டு எழுதுங்கள். காலிப் பெட்டியை 8538 10-க்கு மாற்றுங்கள். இதை நீங்களே முன்வந்து சொல்வது உங்கள் மற்ற வாதங்களுக்கும் நம்பகத்தன்மை தரும். ஏ.டி.எஸ்.ஸில் ஒத்துவரவில்லை என்றால் அந்த ஒரு அயிட்டத்துக்காக மொத்தக் கன்டெய்னரையும் நிறுத்திவைக்காதீர்கள். சுங்கச் சட்டம் 18-ஆவது பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு பாண்ட் கொடுத்து எடுக்கலாம். அல்லது அவர்கள் சொல்லும் வரியை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டிவிட்டு, காரணங்களோடு கூடிய எழுத்துபூர்வ ஆணையைக் கேளுங்கள். மறுமதிப்பீடு செய்தால் 15 நாளில் தர வேண்டும் என்று 17(5) சொல்கிறது. ஆணை கையில் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதே ஏ.டி.எஸ்.ஸைத் தொடர்ந்து இறக்கப்போகிறீர்கள் என்றால் அடுத்த ஆர்டருக்கு முன் முன்கூட்டிய தீர்ப்பாணையம் இருக்கிறது. மும்பையிலும் டெல்லியிலும் 2021-லிருந்து இயங்குகிறது. அதன் தீர்ப்பு, சட்டமோ விவரமோ மாறாத வரை, 3 ஆண்டு உங்களையும் துறையையும் கட்டும். சின்ன யூனிட்டுக்கு இது பெரிய இடத்து விஷயம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் உங்கள் கேட்லாக்கைப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்தே இவ்வளவும் சொல்லியிருக்கிறேன். ஏ.டி.எஸ்.ஸின் பெயர்ப் பலகையில் 60947-6-1-க்குப் பக்கத்தில் வகுப்பு பி.சி.யா சி.பி.யா என்று அச்சிட்டிருக்கும். அதையும், ஐசொலேட்டர் லேபிளில் யு-இ வரிசையில் இருக்கும் கடைசி எண்ணையும் பார்த்து எழுதுங்கள். கொயரிக்கான பதிலை வரி வரியாகச் சேர்ந்து எழுதிவிடலாம். டிடென்ஷன் என்கிற கன்டெய்னர் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது, எனவே நாளைக்கே பாருங்கள்.